நான்கு நாள் இன்பக் கடல் உலா

நெடுந்தீவு
24.02.1983, வியாழன் பின்னேரம்

அண்ணைக்கு,

நான் எங்கே போனேன் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். சிமியோன் மச்சான் ஐஸ் பெட்டி இறக்க வந்து துறையில் நிற்கிறான். விடிய மீனோடு குருநகருக்குத் திரும்புகிறவனிடம் இதைக் கொடுத்துவிடுவேன்.

பட்டதாரிகள் வட்டம் றோணியோவில் படியெடுத்துத் தந்த தாளில் ‘நான்கு நாள் இன்பக் கடல் உலா’ என்று இருந்தது. காலை ஏழு மணிக்குக் குறிகட்டுவானில் லாஞ்ச் ஏறுதல். எட்டு மணிக்கு நயினாதீவு. மதியம் லாஞ்சின் மேல்தட்டில் சாப்பாடும் பாட்டுப் போட்டியும். இரவு தங்கல் நெடுந்தீவில். சனிக்கிழமை கச்சதீவில் அந்தோனியார் திருநாள். ஞாயிறு பின்னேரம் வீடு.

ஏழு மணிக்கு நாங்கள் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் நின்றோம். ஒன்பது மணிக்கும் அங்கேதான் நின்றோம். ஒன்பதரைக்கு வந்த வான், பண்ணைப் பாலத்தில் சில்லுக் காற்றுப் போய் நின்றது. மாற்றுச் சில்லு இருந்தது. அதிலும் காற்று இல்லை. உலாவை ஒழுங்கு செய்த கனகசபாபதி மாஸ்ரர் தாளை விரித்து, “இப்ப நாங்கள் நயினாதீவிலை நிக்கிறம்” என்று வாசித்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. பாலத்துக்குக் கீழே முழங்கால் தண்ணீரில் இறால் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் எங்களை வேடிக்கை பார்த்தார்கள். எங்கள் பக்கத்து ஆட்களாக இருக்குமோ என்று நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

குறிகட்டுவானில் ‘நீலவேணி’ நின்றது. உள்ளே ஏற்கெனவே நாற்பது பேர் இருந்தார்கள். ஓட்டி அதே லாஞ்சைக் கோயிலுக்குப் போகும் ஒரு கூட்டத்துக்கும் பேசியிருக்கிறார். மாஸ்ரர் சண்டைக்குப் போனார். ஓட்டி வெற்றிலையைத் துப்பிவிட்டு, “அவையளை நயினாதீவிலை இறக்கினாப் பிறகுதான் மாஸ்ரர் உங்கடை இன்பம் துவங்கும்” என்றார். அவர்களை இறக்கும்போது என் பையும் சேர்ந்து இறங்கிவிட்டது. அதற்குப் பதிலாக என்னிடம் இருப்பது ஒரு சாக்கு. உள்ளே ஏழு தேங்காயும் ஒரு குத்துவிளக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், நீங்கள் சிரிக்கக்கூடாது. லாஞ்ச் ஆடிய ஆட்டத்தில் முதலில் குமட்டிச் சத்தி எடுத்தவள் நான். கடலோடி குருநகர் செபநாயகத்தின் மகள். என்னோடு பல்கலைக்கழகத்தில் படித்த இராசமலர் நெல்லியடியில் கிணற்றுத் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீரில் கால் வைக்காதவள். அவள் ஒரு கையால் என் முதுகைத் தடவிக்கொண்டு மறுகையால் முறுக்குத் தின்றாள்.

இப்போது ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் வாங்குப் பலகைகளைச் சேர்த்துப் படுக்கை போட்டிருக்கிறார்கள். தேநீர் உப்புக் கரிக்கிறது. மாற்று உடுப்பு இல்லை.

இதெல்லாம் பெரிதல்ல. காலையில் நான் பையோடு வெளிக்கிட்டபோது நீங்கள் வலையைவிட்டு நிமிரவில்லை. அம்மா அடுப்படிக்குள் போய்விட்டா. தெருவால் போகிற நாயையும் விசாரிக்கிற மக்டலீன் மாமிகூட வேலிக்கு அங்காலே வாயை மூடிக்கொண்டு நின்றா. எங்கே போகிறாய், யாரோடு, எப்போது வருவாய் என்று ஒரு கேள்வி. அதைக் கேட்கக்கூட நான் உங்களுக்கு ஆளில்லையா?

பத்து நாளாக ஆசிரியை நியமனக் கடிதம் அந்தோனியார் படத்துக்குப் பின்னால் செருகிக் கிடக்கிறது. மார்ச் முதலாம் திகதி, செவ்வாய்க்கிழமை, பண்டாரவளையில் கல்விக் கந்தோரில் நான் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அதற்குத் திங்கள் காலை ரயில் எடுத்தாக வேண்டும். அதைப் பற்றியும் நீங்கள் ஒரு சொல் கேட்கவில்லை. உங்கள் சொல் இல்லாமல் நான் போகமாட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் பேசாமல் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

ஓம் அல்லது இல்லை. ஒரு சொல் எழுதி அனுப்புங்கள்.

அற்புதராணி


குருநகர்
25.02.83 வெள்ளி விடிய

ராணிக்கு அண்ணை எழுதுறது.

சிமியோன் கடுதாசி தந்தவன். உன்ரை எழுத்து நல்ல வடிவு. ஆனா சில்லுக்குக் காத்துப் போன கதைக்கு அவ்வளவு தாள் வேண்டாம்.

சத்திக்குச் சொல்லுறன் கேள். லாஞ்சின்ரை முன்பக்கம் இராதை, நடுவிலை இரு. காலடித் தண்ணியைப் பாராதை, தூரத்திலை தெரியிற கரையைப் பார். வெறும் வயித்தோடை ஏறாதை. அப்பாவும் தொழிலுக்கு வந்த முதல் வருசம் முழுக்கச் சத்தி எடுத்தவராம். அம்மா இப்பதான் சொன்னவ. இவ்வளவு காலமும் எனக்கே சொல்லேல்லை. நீ ஆருக்கும் சொல்லாதை.

நாளைக்கு விடிய, வழமை போலை கோயில் ஆக்களை ஏத்திக்கொண்டு கச்சதீவுக்குப் போறன். இருவத்திரண்டு பேர். அம்மாவும் வாறா. உனக்கும் ஒரு இடம் வைச்சிருந்தனான். நீ லாஞ்சிலை போறாய் எண்டு அறிஞ்ச உடனை அந்த இடத்தை மக்டலீன் மாமி பிடிச்சிட்டா. இனி அவவை எழுப்பேலாது.

வள்ளத்தைச் சவுக்காரம் போட்டு மூண்டு தரம் கழுவினனான். மீன் மணம் போகாது. அது வள்ளம்.

தேங்காய்ச் சாக்கை பத்திரமா வைச்சிரு. ஆரோ கோயிலுக்கு நேத்திக்கடன் வைச்சுக் கொண்டு போனது.

நியமனக் கதை கடுதாசியிலை கதைக்கிற கதையில்லை.

லியோன்


நெடுந்தீவு
25.02.1983, வெள்ளி பின்னேரம்

அண்ணை,

கடிதத்தில் கதைக்கிற கதையில்லை என்றால், வீட்டில் கதைத்திருக்க வேண்டும். வீட்டில் கதைக்கவில்லை. கடிதத்திலும் இல்லை. வேறு எங்கே, தந்தியிலா?

‘நீலவேணி’ இனி ஓடாது. இன்று காலை தீவைச் சுற்றிக் காட்டுகிறோம் என்று ஏற்றினார்கள். உங்கள் கடிதம் வர முதலே நானாக நடுவில் இருந்தேன், கரையைப் பார்த்தேன், சத்தி வரவில்லை. கால் மணித்தியாலத்தில் அடியில் ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. லாஞ்சை ஓட்டுகிற விசிறியின் தண்டு முறிந்ததாம். நான்கு பேர் கழுத்தளவு தண்ணீரில் இறங்கி லாஞ்சைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பாட்டுப் போட்டியை அப்போதுதான் நடத்தினார்கள். இராசமலர் முதலாம் பரிசு. பரிசு ஒரு சோப்புப் பெட்டி, சோப்பு இல்லை.

தண்டு யாழ்ப்பாணத்திலிருந்து வரவேண்டும். ஊர் லாஞ்ச் திருநாளுக்கு ஆள் ஏற்றப் போய்விட்டது. திங்கள் பின்னேரம்தான் திரும்பும். மாஸ்ரர் தாளைப் பார்த்து, “சனிக்கிழமை கச்சதீவு” என்றார். பிறகு அந்த வரியைப் பேனையால் வெட்டினார். வெட்டியதற்கு மேலே ‘ஓய்வு’ என்று எழுதினார். நாங்கள் பதினாறு பேரும் அந்த ஓய்வை எடுத்துக்கொண்டிருக்கிறோம். கல்வேலிகளைப் பார்க்கிறோம். மட்டக் குதிரைகள் எங்களைப் பார்க்கின்றன. ஆளுக்கொரு குற்றம் கண்டுபிடிக்கிறோம். கிணற்றடியில் இரண்டு ஆங்கில ஆசிரியர்கள் இன்று முழுவதும் ஒருவரோடொருவர் கதைக்கவில்லை.

திங்கள் பின்னேரம் என்றால் எனக்கு முடிந்தது. ரயிலும் போய்விடும், நியமனமும் போய்விடும். உங்களுக்கும் ஓம் இல்லை சொல்ல வேண்டிய சிரமம் இராது.

ஒரு நல்ல காரியம்: பை வந்துவிட்டது. நயினாதீவிலிருந்து ஒரு ஐயா சாக்கைத் தேடி வந்தார். தேங்காய் ஏழும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் பையைத் தந்தார். பைக்குள் சத்திக்கு முகர்ந்து பார்க்கவென்று பேப்பரில் சுற்றிய நான்கு தேசிக்காயும், ஒரு போத்தல் எங்கள் வீட்டுத் தண்ணீரும் இருந்தன. அம்மாவுக்குச் சொல்லுங்கள், சத்தி வருகிற நேரத்தில் கையில் இல்லாவிட்டாலும், பார்த்ததும் அழுகை வந்தது என்று.

இனி எழுதுவதை எழுதத் தேவையில்லை. ஆனால் சிமியோன் மச்சான் சொல்வதற்கு முதல் நானே சொல்லவேண்டும். மத்தியானம் உங்கள் கடிதத்தைத் தந்துவிட்டு, “லாஞ்ச் படுத்திட்டுதாமே. வா மச்சாள், மீன் பெட்டியோடை பெட்டியா இருந்தால் விடிய குருநகரிலை இறக்கிவிடுறன்” என்றான். மாஸ்ரர் பக்கத்தில் நின்றார். இராசமலரும் நின்றாள். சிமியோன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கையெல்லாம் செதிளோடு நின்றான். “இவர் ஆர்?” என்று மாஸ்ரர் கேட்டார்.

“தெரிந்த ஆள்” என்றேன்.

சிமியோன் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு போய்விட்டான். இனி எந்த முகத்தோடு அவனோடு ஏறுவது? இந்தக் கடிதத்தையும் ஒரு பொடியன் கையில்தான் அவனுக்குக் கொடுத்துவிடுகிறேன். அவனோடு போனால் நாளைக் காலை வீட்டில் இருப்பேன். நானாகவே அதைக் கெடுத்தேன். நான்கு வருடம் ஒன்றாகப் படித்த இராசமலருக்கு, என் அண்ணை கடல் சம்பந்தமான வியாபாரம் செய்கிறார் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் வள்ளத்தில் வராமல் லாஞ்சில் வந்தது வெட்கத்தால் அல்ல என்று நேற்று எழுத நினைத்தேன். எழுதாதது நல்லது.

இப்போதாவது என்னைத் திட்டி ஒரு வரி எழுதுங்கள். பேசாமல் இருப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அற்புதராணி


குருநகர்
26.02.83 சனி விடிய

ராணிக்கு அண்ணை எழுதுறது.

ஆக்கள் ஏறிக்கொண்டிருக்கினம். அடுத்த வீட்டு அடைக்கலநாதன் சோறு காய்ச்சிற கிடாரத்தையும் கொண்டு வந்து நிக்கிறார். அதாலை இதை நிண்டநிலையிலை எழுதுறன். சிமியோன் இண்டைக்கு மீன் ஏத்தேல்லை. அவனும் திருநாளுக்குத்தான் வாறான். போற வழியிலை இதை உனக்குத் தருவான்.

நீ பட்டதாரி. நான் அஞ்சாம் வகுப்பு. இதை நான் உனக்குச் சொல்லித் தரவேண்டி வருமெண்டு நினைக்கேல்லை. கடலுக்கு வெளிக்கிட்ட ஆளிட்டை எங்கை போறாய், எப்ப வாறாய் எண்டு எங்கடை வீட்டிலை ஆராவது கேக்கிறதே? கேட்டால் சகுனப் பிழை எல்லே. அப்பா இருந்த காலத்திலை அவர் போகேக்கை அம்மா கேட்டவவே? பதினாலு வருசமா நான் விடிய விடியப் போறன். ஒரு நாளாவது நீ நிமிந்து கேட்டனியே? உனக்கு என்னிலை கோவமெண்டு நான் நினைக்கேல்லை. என்ரை தங்கச்சிக்கு விசயம் தெரியும் எண்டுதான் நினைச்சனான்.

வலைக்குப் போறவனுக்குத்தான் அது, புத்தகத்தோடை லாஞ்சிலை போறவளுக்கு இல்லை எண்டு நீ நினைச்சிருப்பாய். கடலுக்கு அது தெரியாது. மக்டலீன் மாமி கேக்காமல் நிண்டது பெரிய காரியம். நீ ஒழுங்கையாலை திரும்பினாப் பிறகு மனுசி மூச்சு விட்டுக்கொண்டு போய்ச் செம்போடை தண்ணி குடிச்சவ.

நியமனக் கதையும் உதுதான். அந்தக் கடிதத்தை வாசிச்சுப்போட்டு நீ நிமிந்த முகத்தைப் பாத்தனான். அண்டைக்கே நீ வெளிக்கிட்டிட்டாய். வெளிக்கிட்ட ஆளுக்கு ஓம் எண்டு என்னத்துக்குச் சொல்லுறது. இல்லை எண்டு எப்பிடிச் சொல்லுறது. கரை ஏறின பிறகு ஆயிரம் கேக்கலாம்.

ஆனா சும்மா இருக்கேல்லை. எங்களிட்டைக் கருவாடு எடுக்கிற முத்துக்குமாரு அண்ணைக்குப் பண்டாரவளையிலைதான் கடை. போன கிழமை லொறியோடை வந்தவர். கடைக்குப் பின்னாலை ஒரு அறை இருக்குதாம். அவரின்ரை பெண்சாதி அதைக் கழுவிப் பூட்டி வைச்சிருக்கிறாவாம். செவ்வாய் விடிய ரயிலடிக்கு அவர் வருவார். அங்கை குளிர் எண்டு கம்பளிச் சட்டை ஒண்டும் தந்தவர். கருவாடு மணக்குது. அம்மா ரண்டு தரம் தோய்ச்சுப் போட்டவ, இன்னும் மணக்குது. உன்ரை பெட்டியின்ரை பிடி உடைஞ்சு கிடந்தது, கம்பி போட்டுக் கட்டியிருக்கிறன்.

தேசிக்காய் அம்மா வைச்சதெண்டே இருக்கட்டும்.

நாளைக்குப் பூசை முடிஞ்ச உடனை வெளிக்கிடுவம். மத்தியானம் நெடுந்தீவுத் துறையிலை நில். உன்ரை ஆக்கள் பதினாறு பேரையும் எங்கடை வள்ளத்திலையும் சிமியோன்ரையிலையும் பிரிச்சு ஏத்தலாம். பின்னேரம் குருநகர். திங்கள் விடிய ரயில்.

நாங்கள் ஆர் எண்டு மாஸ்ரர் கேட்டால், தெரிஞ்ச ஆக்கள் எண்டு சொல்லு. பொய்யில்லைத்தானே.

லியோன்


பண்டாரவளை
06.03.1983, ஞாயிறு

அன்புள்ள அண்ணை,

யாழ்ப்பாணம் ரயில் நிலையத்தில் அன்று எத்தனை பேர். ஒவ்வொருவரையும் சுற்றி நின்று எப்போது வருவாய், போய் எழுதுவாயா, காசு வைத்திருக்கிறாயா என்று வழியனுப்ப வந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நீங்கள் பெட்டியை ஏற்றி, கம்பி கட்டிய பிடியை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே பேசாமல் நின்றீர்கள். ரயில் அசைந்தபோதும் வாய் திறக்கவில்லை. எனக்கு எதிரே இருந்த வயதான ஒரு அம்மா, “தம்பியோடை கோவமோ பிள்ளை?” என்று கேட்டா. “இல்லை, அவர் எனக்கு அண்ணை. எங்கடை வீட்டிலை இப்பிடித்தான் வழியனுப்புறது” என்றேன். அவ நம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது. துறையில் நான் சொன்னதை மட்டும் எழுதமாட்டேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. மற்றவை எழுதலாம். மாஸ்ரர் சப்பாத்தோடு வள்ளத்தில் கால் வைத்தபோது அம்மா, “மாஸ்ரர், இது வள்ளம். சப்பாத்தைக் கழட்டுங்கோ” என்ற மாதிரி, வகுப்பில் ஒரு பிள்ளைக்குச் சொல்ல எனக்கு எப்போது வருமோ தெரியாது. அவர் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு குருநகர் வரைக்கும் வந்தார். இராசமலருக்கு அன்றுதான் கடல் தன் வேலையைக் காட்டியது. அவள் முதுகை நான் தடவினேன். தேசிக்காய் நான்கும் அவளுக்குத்தான் போயின. கச்சதீவில் மிஞ்சிய சோற்றை மக்டலீன் மாமி கிடாரத்திலிருந்து உருட்டி உருட்டிக் கொடுக்க, கதைக்காமல் இருந்த அந்த ஆங்கில ஆசிரியர்கள் இருவரும் ஒரே இலையில் வாங்கிச் சாப்பிட்டார்கள். இறங்கும்போது மாஸ்ரர் தாளை எடுத்து, ஞாயிறு பின்னேரம் என்ற வரிக்குப் பக்கத்தில் ஒரு சரி போட்டார். அந்தத் தாளில் நடந்தது அது ஒன்றுதான்.

சிமியோன் மச்சானிடம் நான் நேரே மன்னிப்புக் கேட்டேன். “எனக்கு உம்மை நல்லாத் தெரியும், மச்சாள்” என்றான்.

இங்கே முத்துக்குமாரு அண்ணை சொன்னபடி ரயிலடிக்கு வந்தார். தூரத்திலிருந்தே கம்பளிச் சட்டையைக் கண்டுபிடித்துவிட்டார். கையெழுத்துப் போட்டேன். பள்ளிக்கூடம் தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில், நூற்றுப் பத்துப் படி ஏறவேண்டும். மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் ஒரே அறையில், இரண்டுக்கும் நான்தான். பிள்ளைகளுக்கு என் தமிழ் விளங்கவில்லை, எனக்கு அவர்களுடையது. மூன்றாம் நாள் ஒரு பிள்ளை கிட்ட வந்து மோந்து பார்த்து, “டீச்சர், நீங்க கருவாட்டுக் கடையா?” என்று கேட்டது.

“ஓம். கருவாடு, மீன், வள்ளம் எல்லாம் எங்கள் வீட்டில்தான்” என்றேன். பிறகு மணி அடிக்கும் மட்டும் கடலைப் பற்றித்தான் கேட்டார்கள். ஒருவரும் கண்டதில்லை.

ஆகஸ்ட் விடுமுறைக்கு வருவேன். அதற்கு முன் ஒன்றை எழுதிவைக்கிறேன். உங்கள் கடிதங்கள் இரண்டையும் நேற்று எடுத்து வாசித்தேன். அதில் நீங்கள் என்னைக் கேட்ட கேள்வியெல்லாம் சண்டைக்குக் கேட்டவை. தங்கச்சியை விசாரித்துக் கேட்டது ஒன்றுகூட இல்லை.

அண்ணை, நான் கரை ஏறிவிட்டேன். இனிக் கேளுங்கள்.

உங்கள்
அற்புதராணி


குருநகர்
14.03.83 திங்கள்

ராணிக்கு அண்ணை எழுதுறது.

சரி, கேக்கிறன்.

ரயிலிலை இருக்க இடம் கிடைச்சதோ? பெட்டியின்ரை கம்பி கையை வெட்டினதோ? அந்த அறைக்குச் சன்னல் இருக்கோ? கதவுக்கு உள்ளாலை பூட்டு இருக்கோ? முத்துக்குமாரு அண்ணையின்ரை பெண்சாதி நல்ல மனுசியோ, இல்லாட்டி வாய்க்காரியோ? விடியச் சாப்பிடுறனியோ, வெறும் வயித்தோடை அந்த நூத்திப் பத்துப் படியும் ஏறுறனியோ? என்ன மீன் கிடைக்கும் அங்கை, எத்தினை நாள் பழசு? குளிருக்கு அந்தச் சட்டை காணுமோ? ஞாயிறு பூசைக்குக் கோயில் எவ்வளவு தூரம்? மூண்டாம் வகுப்புக்குப் படிப்பிக்கேக்கை நாலாம் வகுப்புச் சும்மா இருக்குமோ? சத்தம் போட வேண்டி வந்தால் உனக்குச் சத்தம் வருமோ? ராவிலை தனியப் படுக்கப் பயமோ? கடல் கண்டிராத அந்தப் பிள்ளையளுக்கு, அலை எண்டால் என்னெண்டு எப்பிடிச் சொன்னனீ? ஆகஸ்டிலை எத்தினையாம் திகதி வருவாய்? எத்தினை நாள் நிப்பாய்? அம்மா கேக்கச் சொன்னவ, தலைக்கு எண்ணெய் வைக்கிறனியோ? மக்டலீன் மாமி கேக்கச் சொன்னது ஒரு கொப்பி முழுக்க இருக்கு. அதை வேறையா அனுப்பட்டோ?

பதினாலு வருசக் கேள்வி, ஒரேயடியா வருகுது. கோவியாதை.

கடைசியா ஒண்டு. நெடுந்தீவுத் துறையிலை வள்ளத்தைக் கட்டிப்போட்டு நான் கயித்தோடை குனிஞ்சு நிக்கேக்கை, “மாஸ்ரர், இவர் என்ரை அண்ணை. இது எங்கடை வள்ளம்” எண்டு துறை முழுக்கக் கேக்க ஏன் அவ்வளவு சத்தமாச் சொன்னனீ? கிட்டத்தானே நிண்டனான்?

லியோன்